இத்தாலி வியாதி

அம்மா ஊருக்குத் திரும்ப வேண்டிய வேனில்தான் நான் வந்து இறங்கினேன். ஓட்டுநர் காபி குடித்து முடிப்பதற்குள் அவள், தான் ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டை எனக்குக் காட்டிவிட வேண்டும்.

"மாத்திரை இந்த டப்பாவுல. காலையில வெள்ளை. சாயங்காலம் ரோஸ், அதுவும் பாதிதான். சூப்புல உப்பு கிடையாது. ஆனா போட்டிருக்கேன்னு சொல்லு, குடிச்சிடுவாங்க."

"சரிம்மா."

"சனிக்கிழமை குளியல். சுடுதண்ணிய நிறுத்தாம விடு, அவங்க எலும்புக்கு அதுதான் மருந்து. தலை ஈரமா இருக்கறப்ப மட்டும் ஜன்னலத் தொறந்த, கொன்னுடுவேன். காத்து இழுத்துடும்."

"தெரியும்மா."

"எல்லாம் தெரியும் உனக்கு. கெமிஸ்ட்ரி படிச்சவ."

சிரிக்கப் பார்த்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. அக்டோபரிலிருந்தே அவளுக்குத் தலைவலி, குமட்டல். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று தெரியாமல் நின்றுவிடுவாளாம். காரணமில்லாமல் அழுகை வேறு. இங்கே வேலை பார்க்கும் எங்கள் நாட்டுப் பெண்கள் எல்லோரும் அதற்கு ஒரே பெயரைத்தான் சொன்னார்கள்: இத்தாலி வியாதி. சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுக் கிழவர்களோடு வருஷக்கணக்கில் அடைந்து கிடந்தால் வருவது. ஊரில் டாக்டரிடம் காட்டிவிட்டு, கிறிஸ்துமஸ் முடிந்ததும் திரும்புவதாக ஏற்பாடு. அதுவரை அவள் இடத்தில் நான். இடத்தைக் காலியாக விட்டால் வேறொருத்தி வந்து உட்கார்ந்துவிடுவாள். மகள் என்றால் அந்தப் பயமில்லை.

படியிறங்கும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஸ்மராந்தா, நான் வர்ற வரைக்கும் அவங்க உயிரோட இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

வேன் வளைவில் மறைந்ததும் நான் மேலே ஓடினேன். சிஞோரா அர்மீதா, அந்த வீட்டு அம்மாள், நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார். குனிந்து அவர் மூச்சைக் கேட்டேன். அன்றிலிருந்து ஒரு நாளில் எத்தனையோ முறை அப்படிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் தொண்ணூறைத் தாண்டியவர். நல்ல நேரங்களில் கூர்மையாகப் பேசுவார்.

"நீ ரோதிகா இல்ல."

"ரோதிகாவோட பொண்ணு, சிஞோரா."

"அவளுக்கு இவ்ளோ பெரிய பொண்ணு இருக்காளா? என்கிட்ட வர்றப்ப குழந்தைன்னு சொன்னாளே."

"அப்ப குழந்தைதான்."

அதற்கு மேல் எனக்குப் பேச வராது. எங்கள் மொழியிலேயே நான் வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவேன். இத்தாலியன் என்றால் இரண்டு முறை.

வீடு மலைச்சரிவில் இருந்தது, பழைய கல் வீடு. ஜன்னல்கள் மட்டும் புதியவை. அவர் மகன் லோரிஸ் அக்டோபரில் போட்டுக் கொடுத்தவை, இரட்டைக் கண்ணாடி. மூடினால் தெருவில் போகும் டிராக்டரின் சத்தம்கூடக் கேட்காது.

"ஜாம் பாட்டில்ல போட்டு மூடி வெச்சுட்டான் என் புள்ள," என்பார் சிஞோரா.

அம்மாவுக்கு அந்த ஜன்னல்கள் உயிர். இனி வீட்டுக்குள் ஊடுகாற்று இல்லை என்று போனில் எத்தனை சந்தோஷமாகச் சொன்னாள். எங்களுக்கு நோய் எல்லாம் அந்த வழியாகத்தான் வரும். பல்வலி, காதுவலி, கழுத்துப் பிடிப்பு, கோணிய வாய், எதுவானாலும் முதல் கேள்வி, எங்கே காற்று இழுத்தது என்பதுதான். கோடையில் நெரிசலான பஸ்ஸில் மயங்கி விழுந்தாலும் விழுவோம். எதிரெதிராக இரண்டு ஜன்னல்களைத் திறக்க மாட்டோம்.

சில நாட்களில் எனக்கும் தலைவலி வந்தது. காலையில் எழும்போதே நெற்றியில் ஒரு பட்டை இறுக்கியதுபோல. காபியின் வாசனை பிடிக்கவில்லை. சிஞோரா சமையலறை மூலையைப் பார்த்து இறந்துபோன கணவரிடம் பேசினார். "தொப்பியக் கழட்டிட்டு உக்காரு" என்றார். நான் அந்த மூலையைப் பார்க்காமல் பாத்திரம் கழுவினேன். முதுகில் ஈரமாக வியர்த்தது. அங்கே யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு ஓய்வு. பெண்கள் எல்லோரும் கீழே வேன்கள் நிற்கும் மைதானத்தில் கூடுவார்கள். ஊருக்கு மூட்டை அனுப்புவார்கள், ஊரிலிருந்து வந்ததை வாங்கிக்கொள்வார்கள். குளிரில் நின்றபடி சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு பழைய கசாப்புக்காரரைப் பார்த்துக்கொள்ளும் வியோரிகா அக்கா என்னைக் கண்டதும் கத்தினாள்.

"வந்துட்டாங்கப்பா விஞ்ஞானி! அம்மா தாயே, எங்க கிழவன் டயப்பர்ல என்ன கெமிக்கல் இருக்குன்னு கொஞ்சம் சோதிச்சுச் சொல்லேன், கண்ணு எரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"ஏண்டி இப்படி வெளுத்துப்போயிருக்க? தலைவலியா?"

"ஆமாங்க்கா. வாந்தி வர்ற மாதிரியும் இருக்கு."

"வந்து பத்து நாள்கூட ஆகல, அதுக்குள்ள இத்தாலி வியாதியா! உங்கம்மாவுக்கு வர்றதுக்கே வருஷக்கணக்கா ஆச்சு. படிச்ச புள்ள இல்ல, சீக்கிரம் கத்துக்கிட்டா."

"அம்மா ஊர்ல டாக்டரப் பாக்கப் போனாங்க."

"எந்த டாக்டர? நம்ம டாக்டர் ஜெர்மனில இருக்கான். ஜெர்மன்காரனுக்கு நம்ம டாக்டர், இத்தாலிக்காரனுக்கு நம்ம அம்மாங்க, நமக்கு இந்த வேன்."

அங்கே நின்றுகொண்டிருந்தபோதே என் தலை தெளிந்துவிட்டது. பசித்தது. யாரோ கொடுத்த முட்டைக்கோஸ் இலைச் சுருளை நின்றபடியே தின்றேன். "பாத்தியா, நம்ம பாஷை ரெண்டு வார்த்தை பேசினா சரியாயிடும்," என்றாள் வியோரிகா அக்கா. சாயங்காலம் அம்மா போன் செய்து அதையேதான் சொன்னாள்.

"ஊர்க்காத்து பட்டதும் என் தலைவலி போயிடுச்சுடி. ஆஸ்பத்திரில டாக்டர் இல்ல, நர்ஸு இருந்தா. ஒண்ணுமில்லன்னுட்டா. அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்கம்மா. புருஷனோட பேசறாங்க."

"பேசட்டும். பயப்படாத. மூச்சப் பாத்துக்கோ."

அடுத்த சனிக்கிழமை மலைக்காற்று பலமாக வீசியது. புகைபோக்கிக்குள் புகுந்து ஊளையிட்டது. மதிய உணவு முடிந்ததும் சிஞோராவைக் குளிக்க வைத்தேன். குளியலறை சமையலறையை ஒட்டியே இருந்தது. மூடிய கதவென்றால் அவருக்குப் பயம், அதனால் இடைக்கதவைத் திறந்தே வைத்திருந்தோம். அம்மா சொன்னபடி சுடுநீரை நிறுத்தாமல் விட்டேன். சமையலறைச் சுவரில் தொங்கிய கொதிகலன்தான் வீட்டையும் சூடாக்கும், குழாய்க்கும் சுடுநீர் தரும். அது இடைவிடாமல் எரிந்துகொண்டிருந்தது.

தலைக்கு சோப்பு போட்டுக் கழுவி, துவாலையைச் சுற்றி, சமையலறையில் நாற்காலியில் உட்கார வைத்தேன். என் காதுக்குள் இரைந்தது. முழங்கால் என்னுடையதாக இல்லை. காற்று வேண்டும்போல் இருந்தது. ஜன்னலின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அப்போது அவருடைய ஈரத்தலை கண்ணில் பட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அதைப் பற்றி நான் யோசிக்கக்கூட இல்லை. ஐந்து வருடம் ஆய்வகத்தில் நின்றவள் நான். வாயு, அழுத்தம், எரிதல் எல்லாம் படித்திருக்கிறேன். ஆனால் கை அம்மாவின் கை. ஈரத்தலையைக் கண்டதும் அதுவாகவே ஜன்னலை விட்டுவிட்டது.

"ரோதிகா," என்றார் சிஞோரா. "விளக்க ஏன் அணைச்ச?"

வெளியே நல்ல வெயில் இருந்தது.

பிறகு அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். பிடிக்கப் போன நானும் அவரோடு தரையில் விழுந்தேன். கூப்பிட்டேன். பதில் இல்லை. கன்னம் மட்டும் சிவந்து, குழந்தையின் கன்னம்போல அழகாக இருந்தது. மூச்சு இருந்தது, மிக மெல்ல. தவழ்ந்து போய் வாசல் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை.

வியோரிகா அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தாள். ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் செய்தாள். வாசல் கதவு திறந்திருந்ததால் காற்று உள்ளே அடித்தது. என் தலை கொஞ்சம் தெளிந்தது. தெளிந்ததும்தான் கொதிகலனைப் பார்த்தேன். அதன் சிறு கண்ணாடிக்குள் சுடர் தெரியும். நீலமாக இருக்க வேண்டியது. மஞ்சளாக, நீண்டு, ஆடிக்கொண்டிருந்தது.

அணைத்தேன். கொதிகலன் எரியக் காற்று வேண்டும். அது வர ஒரு வழி இருக்க வேண்டும். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். சுவரில் வட்டமாக ஒரு துவாரம். அதற்குள் இறுக்கமாகச் சுருட்டித் திணித்த துண்டு. சுற்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, விளிம்பைச் சமமாக வெட்டியிருந்தது. எங்கள் வீட்டில் அத்தனை நேர்த்தியாக வேலை செய்பவள் ஒருத்திதான்.

எத்தனை குளிர்காலமாக அது அங்கே இருந்ததோ! பழைய ஜன்னல்களின் இடுக்குகள் வழியே காற்று வந்தவரை ஒன்றும் ஆகவில்லை. புதிய ஜன்னல்கள் வந்தபின் வழியே இல்லை. அக்டோபரிலிருந்து.

உருவி எடுத்துக்கொண்டு நின்றேன். வியோரிகா அக்கா துண்டையும் பார்த்தாள், துவாரத்தையும் பார்த்தாள்.

"எங்க கிழவன் வீட்லயும் அதுமாதிரி ஒண்ணு இருக்கு," என்றாள் மெதுவாக. "காத்து வருதேன்னு நானும்…"

"போய் எடுத்துடுங்கக்கா. இப்பவே."

"எடுத்துடறேன். நீ வாயத் தொறக்காத. கேக்கறியா? வயசானவங்க. வாதம் அடிச்சிடுச்சு. அவ்ளோதான். அவங்க செத்துட்டா உங்கம்மாவ ஜெயில்ல போடுவாங்க. அந்தத் துண்டக் குடு."

கொடுத்துவிட்டேன். ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு போனாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சிஞோராவின் விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். "ஆக்சிஜன் நல்லா இருக்கு," என்றான் ஒருவன். "வாதம்னுதான் தோணுது." என்னையும் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆக்சிஜன் நன்றாக இருப்பதாகக் காட்டியதுதான் என்னைப் பயமுறுத்தியது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் காற்றுப் போதாமல் எரியும் சுடர் கக்கும் விஷவாயு உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கருவி அதைத்தான் காட்டும். வித்தியாசம் அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் காற்று புகுந்துவிட்டது. கொதிகலன் அணைந்திருக்கிறது. துவாரம் திறந்திருக்கிறது. இனி என்னைத் தவிர அதைச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

சொன்னால் அம்மா. சொல்லாவிட்டால் இவர்.

வளைவுகளில் வண்டி சாய்ந்தது. எனக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்கு அப்பால் அவர் பாதங்கள். நகங்களைக் காலையில்தான் வெட்டியிருந்தேன். வாக்கியத்தை மனசுக்குள் கட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நடுவில் உடைந்தது. வாதம் என்று அவரைப் படுக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம் போகும்? அதுவரை தாங்குவாரா? அம்மாவை எங்கே அடைப்பார்கள்? அங்கே ஜன்னல் இருக்குமா? இப்படியெல்லாம் ஓடியது புத்தி.

மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து ஓடினாள். நானும் ஓடினேன். இரட்டைக் கதவுக்கு முன் ஒருவர் என்னைத் தடுத்தார். கதவு மூடப் போனது.

"கேஸ்!" என்றேன். கட்டி வைத்த வாக்கியத்தில் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. "வாதம் இல்ல. கேஸ். கொதிகலன்."

டாக்டர் திரும்பினாள். என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "நீங்களும் அங்க இருந்தீங்களா? தலைவலி இருக்கா?"

"இருக்கு."

"ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுங்க," என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். "உடனே."

அரை மணி கழித்துத் திரும்பி வந்தாள். சிஞோராவின் ரத்தத்தில் அந்த வாயு நிறைய இருந்ததாம். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் அறை இருக்கிற வேறு மருத்துவமனைக்கு அவரை அனுப்புகிறார்கள். பிழைப்பாரா என்று கேட்டேன். "தெரியல. ஆனா இப்ப என்ன செய்யணும்னு தெரியும்," என்றாள். என்னை ஒரு கட்டிலில் உட்கார வைத்து, மூக்கையும் வாயையும் மூடும் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டாள். "கழட்டாதீங்க. போலீஸுக்குச் சொல்லியாகணும், அது விதி. எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க."

லோரிஸ் வந்தார். பெரிய உடம்பு. கோட்டின் பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டிருந்தார். வீட்டுக்குப் போன தீயணைப்பு ஆட்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார்.

"சுவர்ல ஓட்டை தொறந்துதான் இருக்குன்னு சொல்றாங்க. ஆனா சுத்திப் பிளாஸ்திரி ஒட்டின தடம் இருக்காம். யார் அடைச்சது?"

நான் முகமூடிக்குள் மூச்சு விட்டேன்.

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஜன்னல் போட்டப்ப, கொதிகலனுக்கு ஆளக் கூப்பிட்டுப் பாருங்கன்னு கடைக்காரன் சொன்னான். நான் கூப்பிடல. நீ இங்க வேலைக்கு இருக்கறதும் எந்தத் தாள்லயும் கிடையாது. புரியுதா? யார் அடைச்சான்னு எனக்குத் தெரிய வேண்டாம். விருந்தாளியா வந்தேன், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு ஊருக்குப் போ. உங்கம்மாவும் இனி வர வேண்டாம். எல்லாருக்கும் நல்லது."

எழுந்து, தப்பாகப் போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி அதே ஓட்டையில் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் அதிகமாயிற்று. பெரியவர்கள் பயப்படாமல் இருந்தால்தான் நாம் பயப்பட இடம் இருக்கும்.

அவர் வெளியே போனதும் அம்மாவை அழைத்தேன். முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஏதோ கேட்டார்.

"மூச்சு இருக்கா அவங்களுக்கு?" என்றாள்.

"இருக்கும்மா."

"கண்ணத் தொறந்தாங்களா?"

"இன்னும் இல்ல."

அதற்குப் பிறகுதான், "நீ?" என்றாள்.

"நான் நல்லா இருக்கேன்."

"குளிரும்னு வெச்சேன்டி. அந்த மூலையிலதான் உக்காருவாங்க, அதான் நேரா கழுத்துல வீசும்." அவள் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "அது எதுக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"அம்மா, உன் தலைவலி. அதுவும் இதனாலதான். இத்தாலி வியாதி இல்ல."

பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"அதுவும் இருந்துச்சு," என்றாள்.

பிறகு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பையின் ஜிப்பை இழுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"கிளம்பறேன். நாளைக்கு விடியக்காலம் வேன் இருக்கு."

"வராத. போலீஸ் வரப்போகுது. லோரிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு, நீ வராம இருந்தா போதும்னு—"

"முழிச்சுப் பாத்தா யாரத் தேடுவாங்க? லோரிஸையா? அவன் கையால ஒரு ஸ்பூன் தண்ணி குடிக்க மாட்டாங்க."

"அம்மா, உன்ன ஜெயில்ல போட்டுடுவாங்க."

"போட்டா போடட்டும். முதல்ல பாத்துட்டுப் போறேன்." அப்பா கத்துவது கேட்டது. அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினாள். "கேட்டா நான்தான்னு சொல்லு. பேரச் சொல்லு. நீ பழியத் தூக்கி உன் தலைமேல போட்டுக்கிட்டே, அப்புறம் என் முகத்துல முழிக்காத. பயப்படறியா?"

"ஆமா."

"நானும்தான்," என்றாள். வைத்துவிட்டாள்.

போலீஸ்காரர் வந்தபோது நான் முகமூடியைத் திரும்ப மாட்டியிருந்தேன். என் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லோரிஸ் அவருக்குப் பின்னால், கதவருகே நின்றார்.

"மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல. அந்த ஓட்டைய யார் அடைச்சாங்கன்னு தெரியுமா?"

லோரிஸ் தரையைப் பார்த்தார்.

முகமூடியைக் கழற்றினேன். அதன் ஓரம் கன்னத்தில் பதிந்து எரிந்தது. மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் முறை சொல்லிப் பார்க்கத் தைரியம் இல்லை, பார்த்திருந்தால் விழுங்கியிருப்பேன்.

"எங்கம்மா," என்றேன். "சிஞோரா குளிர்ல நடுங்குவாங்கன்னு அடைச்சாங்க."

"அம்மா பேரு?"

சொன்னேன்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஊர்ல. நாளைக்குக் கிளம்பறாங்க."

"இங்கயா? தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி எழுதினார். லோரிஸ் சத்தமில்லாமல் வெளியே போனார்.

என் பற்கள் மோதிக்கொண்டன. போலீஸ்காரர் முகமூடியைக் காட்டி, "அதப் போட்டுக்கங்க," என்றார். எடுத்தேன். நாடாவைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோக விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு முறை நழுவிற்று. அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு எழுந்து வந்து, என் தலைமுடியை ஒதுக்கி, நாடாவை மாட்டிவிட்டார்.

"மூச்ச இழுங்க," என்றார்.

இழுத்தேன்.